சார் சொன்னால்தான்

எங்கள் கால்பந்து டீமில் பயிற்சியாளர்கள் மூன்று பேர். வாய் ஒன்றுதான். அது தலைமைப் பயிற்சியாளருடையது. எனக்கும், கோல்கீப்பர்களைப் பார்த்துக்கொள்ளும் இன்னொருவருக்கும் கண் உண்டு, காது உண்டு, மூட்டை தூக்கக் கை உண்டு. பேச மட்டும் அனுமதி கிடையாது.

கடுப்பில் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். சேர்ந்த முதல் நாளே சார் என்னிடம் சொன்னது இதுதான்: "ஏம்மா, கிரவுண்டுல ஒரே வாய். நீ இன்னா பாத்தாலும் என் காதாண்ட வந்து சொல்லு. பொண்ணுங்க கிட்ட நேரா சொல்லிக்கினு இருக்காத." அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார். முன்பு ஒரு மேட்ச்சில் அவர் 'முன்னால ஏறு' என்று கத்த, அப்போதிருந்த உதவிப் பயிற்சியாளர் 'நில்லு' என்று கத்த, நடுவில் மாட்டிய பெண் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் பந்து அவளைத் தாண்டிப் போய் கோலாகிவிட்டதாம். இந்தக் கதையைச் சொல்லாமல் அவருக்கு ஒரு வாரம் கழியாது. முடித்ததும், அந்த உதவிப் பயிற்சியாளர் இப்போது எங்கே என்று யாராவது கேட்பார்களா என்று பார்ப்பார். நாங்கள் கேட்க மாட்டோம். அந்த அளவுக்காவது ரோஷம் இருந்தது.

விழுப்புரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் காலையில் பயிற்சி. எல்லாம் பெண்கள். நானும் விளையாடி வந்தவள்தான். பயிற்சியாளர் சான்றிதழ் இருக்கிறது. பகலில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர் வேலை. அங்கே நான் விசில் அடித்தால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வரிசையில் நிற்கும். இங்கே விசிலைத் தொடக்கூட முடியாது. நான் வைத்த கோன் ஒவ்வொன்றையும் சார் வந்து கால் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்துவார். சரியான இடத்தில் இருந்தாலும் நகர்த்துவார். ஒருநாள் வேண்டுமென்றே அளந்து வைத்துப் பார்த்தேன். அதையும் நகர்த்தினார்.

காதில் சொல்லும் விஷயம் இதைவிடக் கொடுமை. மேட்ச் நடக்கும்போது, "சார், நம்ம ரைட் சைடு காலியா இருக்கு" என்று போய்ச் சொல்வேன். முகத்தைத் திருப்ப மாட்டார். காதில் விழுந்ததா இல்லையா என்றே தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, மைதானமே கேட்கிற மாதிரி, "ஏம்மா, ரைட் சைடு அப்டியே தொறந்து கெடக்குது, பாத்துக்கினு சும்மா நிக்கிறியே!" என்பார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். கீப்பர் கோச் மட்டும் சிரிப்பார். "விடுங்க மேடம், சாரோட எதுக்கு வம்பு? நாம வந்தமா, பந்து பொறுக்குனமா, போனமான்னு இருக்கணும்" என்பது அவர் கொள்கை. அதனால் அவர் நிம்மதியாகத்தான் இருந்தார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், மனிதர் உழைப்பாளி. எங்களுக்கு முன்னால் மைதானத்தில் இருப்பார். ஒரு பெண்ணை வீட்டில் அனுப்ப மாட்டோம் என்றால் கெடார் கிராமம் வரைக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு போய், வாசலில் உட்கார்ந்து பேசிக் கூட்டி வருவார். அதனாலேயே பெண்கள் அவர் சொல்லை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலும் அங்கேதான். கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ விட்டுவிட்டு வந்திருப்பேன்.

எங்கள் தற்காப்பின் நடுவில் நிற்கும் பெண் காணை என்ற ஊர்ப் பக்கத்தவள். அப்பா அம்மா கரும்பு வெட்டப் போகிறவர்கள். பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். சென்னையில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடமும் விடுதியும் கிடைக்கும் என்று பேச்சு வந்திருந்தது. அதற்குக் கோடையில் அங்கே போய் அவர்கள் முன்னால் ஓடி, ஆடிக் காட்ட வேண்டும். வேறு வழியில் அவள் கல்லூரிக்குப் போக முடியாது. வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

திண்டிவனத்தில் அரையிறுதி. அதற்கு முந்தைய வாரப் பயிற்சியில் அவள் தலையால் பந்தை முட்டிவிட்டு இறங்கும்போது வலது முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. மாலைக்குள் வீங்கிவிட்டது. பெண்கள் இதையெல்லாம் சாரிடம் சொல்ல மாட்டார்கள், என்னிடம் சொல்வார்கள். தொட்டுப் பார்த்தேன். எனக்குச் சரியாகப் படவில்லை. சாரின் காதாண்ட போய்ச் சொன்னேன்.

"வீக்கம் யாருக்குதான் வர்ல? ஐஸ் வெச்சு டேப்பைச் சுத்தி உடு."

"ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம் சார்."

"அரையிறுதி முடியட்டும். அவ இல்லன்னா பின்னால யாரு நிப்பா? நீ நிக்கிறியா?"

அவளிடம், டாக்டரிடம் போகலாம் வா, நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். "சார் கிட்ட கேட்டுட்டு வர்றேங்க்கா" என்றாள். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

திண்டிவனம் மைதானத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. டேப்பை நான்தான் சுற்றினேன். முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். அவளும் தாக்குப்பிடித்தாள். ஆனால் திரும்ப வேண்டிய இடத்தில் எல்லாம் வலது காலை ஊன்றாமல் இடது காலில் சுற்றித் திரும்பினாள். அதை நான் மட்டும்தான் பார்த்தேன் போலிருக்கிறது.

இரண்டாவது பாதி தொடங்கிய சிறிது நேரத்தில் அந்தக் கூத்து நடந்தது. சார் நடுவரைத் திட்டவில்லை, யாரையும் அடிக்கவில்லை. எங்கள் லெஃப்ட் பேக் அவர் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. அவ்வளவுதான். கோட்டைத் தாண்டி உள்ளே ஓடி, அந்தப் பெண்ணைத் தோளைப் பிடித்து நாலடி தள்ளி நிறுத்திவிட்டு வந்தார். கோனை நகர்த்துகிற மாதிரியே. முதல் பாதியில் இதே காரியத்துக்காக ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்தார். இப்போது இரண்டாவது மஞ்சள், அதனால் சிவப்பு. வெளியே போங்கள் என்று நடுவர் கையைக் காட்டினார். ஒரு பயிற்சியாளரை இதற்காக வெளியே அனுப்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சட்டப்படி இனி டீம் என் கையில். மூன்று வருடங்களில் முதல் முறையாகக் கோட்டோரமாகப் போய் நின்று வாயைத் திறந்தேன். "கொஞ்சம் பின்னால இறங்கி நில்லுங்க!" என்று கத்தினேன். ஒருத்திகூட என்னைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் எனக்குப் பின்னால், மதில் பக்கம் திரும்பியது. நானும் திரும்பிப் பார்த்தேன். மதிலுக்கு வெளியே ரோட்டில் தர்பூசணி விற்கிற குட்டியானை வண்டி ஒன்று நின்றிருந்தது. அதன் மேல், பழங்களுக்கு நடுவில் காலை அகட்டி வைத்துக்கொண்டு சார் நின்றிருந்தார். ஒரு கையில் போன். இன்னொரு கையால் ஏறு, ஏறு என்று காட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் எதிரணி கோல் பக்கம் ஏறினார்கள்.

என் பாக்கெட்டில் போன் அடிக்கத் தொடங்கியது. நான் எடுக்கவில்லை. வெளியே அனுப்பப்பட்டவர் உள்ளே இருப்பவரோடு பேசக் கூடாது என்பது விதி. விதியை மதித்து எடுக்காமல் விட்டேன் என்று சொன்னால் அது பொய். எனக்கு எடுக்கப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் காணைப் பெண் பந்துக்காகத் திரும்பி, வலது காலை ஊன்றி, அப்படியே குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். விழவில்லை. நிமிர்ந்து, நொண்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். நான் யோசிக்கவில்லை. அவள் நம்பரை எழுதி அதிகாரிகள் டேபிளில் கொடுத்தேன். அவளுக்குப் பதில் இறங்க வேண்டியவளைத் தயார்செய்தேன். ஆட்டம் நின்றது. பலகையில் அவள் நம்பர் ஏறியது.

அவள் வரவில்லை. பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குட்டியானையைப் பார்த்தாள். அங்கே சார் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வெளிய வாடி!" என்றேன்.

"சார் சொல்லட்டுங்க்கா. நான் ஆடுறேன்."

கால்பந்தில் இப்படி ஒரு விதி இருப்பது பலருக்குத் தெரியாது. வெளியே வர மாட்டேன் என்று ஆட்டக்காரி நின்றுவிட்டால் இழுத்து வர முடியாது. ஆட்டம் அப்படியே தொடரும். நடுவர் வாட்சைப் பார்த்தார். "ஜல்தி, மேடம்" என்றார். சான்றிதழ் என்னிடம் இருக்கிறது, டீம் என்னிடம் இருக்கிறது, மாற்றும் உரிமை என்னிடம் இருக்கிறது. ஒரு பெண்ணின் காலைக் காப்பாற்ற இவை எதுவும் உதவவில்லை. அழுகை வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை.

போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். அடித்து ஓய்ந்துபோன போன். "சரிங்க சார்... சரிங்க சார்" என்று எல்லாரும் பார்க்கத் தலையை ஆட்டினேன். பிறகு அவளைப் பார்த்து, "சார் சொல்லிட்டாரு! உன்ன வெளிய வரச் சொல்றாரு!" என்று கத்தினேன்.

உடனே வந்தாள். மதில் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாங்கள் தோற்றோம். அவள் இடத்தில் இறங்கியவள் சின்னப் பெண். அவளைத் தாண்டித்தான் எதிரணியின் இரண்டு கோலும் போனது. விசில் அடித்ததும், எங்களுக்கு ஜெர்சியும் வேனும் கொடுக்கிற கிளப் செயலாளர் பந்தலில் இருந்து நேராக வந்தார். சாரும் கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டிருந்தார். அவர் கால்சட்டையில் எல்லாம் தர்பூசணிச் சாறு.

"நல்லா ஆடிக்கினு இருந்த பொண்ண யாரு வெளிய எடுத்தது?" என்றார் செயலாளர், என்னைப் பார்த்து. அடுத்த வாக்கியம் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இத்தனை நாள் பந்து மூட்டை தூக்கியதற்கு இதுதான் முடிவு என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார்.

"நான்தான் சொன்னேன். போன்ல."

"வெளிய அனுப்புன பிறகு போன்ல பேசக் கூடாதாமே?"

"பேசினேன். இன்னா இப்ப?"

செயலாளர் சாரைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுக் காரை நோக்கிப் போனார். எனக்கு அந்த இடத்திலேயே சார் காலில் விழலாம் போல இருந்தது. மூன்று வருடங்களாக இந்த மனிதரைத் தப்பாகவே நினைத்துவிட்டோமே என்று தோன்றியது. அந்த நல்லெண்ணம் மயிலம் ரோடு பிரிகிற இடம் வரை இருந்தது.

அங்கே டீக்கு வேன் நின்றது. பெண்கள் வேனுக்குள்ளேயே வேக வைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டிருந்தார்கள். சார் டீயோடு என் பக்கம் வந்து நின்றார்.

"அடுத்த தபா போன எடு" என்றார்.

"எடுத்திருந்தா இன்னா சார் சொல்லியிருப்பீங்க?"

"அவ உள்ளயே இருக்கட்டும்னுதான்."

"அப்புறம் ஏன் சார் அவர் கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

டீயை ஊதிக் குடித்தார். "நம்ம டீம்ல ரெண்டு வாய் இருக்குதுன்னு வெளிய தெரியக் கூடாது."

காப்பாற்றவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. நான் செய்த ஒரே ஒரு காரியத்தையும் எடுத்துத் தன் பெயரில் எழுதிக்கொண்டுவிட்டார். நன்றி சொல்லவும் முடியவில்லை, சண்டை போடவும் முடியவில்லை. டீக் கிளாஸை வைத்துவிட்டு வேனில் ஏறி, ஊர் வந்து சேரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தேன். சாரும் தடுக்கவில்லை, போய்ட்டு வா என்றார். உள்ளே தசைநார் பாதி கிழிந்திருப்பதாக டாக்டர் படத்தைக் காட்டினார். இன்னொரு முறை அதே மாதிரி திரும்பியிருந்தால் முழுசாக அறுந்திருக்கும், ஆபரேஷன்தான், இந்த வருடம் ஓட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். இப்போதைக்கு ஓய்வும் பயிற்சியும் போதும், கோடைக்குள் ஓடலாம்.

இரண்டு வாரம் கழித்துக் காலில் பட்டை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள். நான் கோன் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சார் மட்டும் அன்னிக்கு போன்ல சொல்லலன்னா என் காலு போயிருக்கும்க்கா. காலேஜும் போயிருக்கும். அவ்ளோ தூரத்துல வண்டி மேல நின்னுக்கினு, என் முட்டி இப்டி இருக்குதுன்னு அவருக்கு எப்டிக்கா தெரிஞ்சுது?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? அக்கா பொய் சொல்லிக் கூப்பிட்டாள் என்பது நாளைக்கே டீம் முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்த மேட்ச்சில் இன்னொருத்தி காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்போது நான் போனைக் காதில் வைத்தால் அவள் வர மாட்டாள்.

"சாருக்குத் தெரியாதது ஒண்ணு உண்டாடி?" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் அதைக் கவனிக்கவில்லை.