என் வண்டி மலை ஏறும்

என் வண்டி மலை ஏறும். ஏறாது என்று என் மனைவியிடம் வருடக்கணக்காகப் பொய் சொன்னேன். அதைத்தான் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

நூறு சிசி வண்டிதான். வாளையாறு நாலுவழிச் சாலையில் அதை ஓட்டிப் பாருங்கள், தெரியும்! கண்டெய்னர் லாரி தாண்டும்போது காற்று தோளில் இடிக்கும். பெரிய வண்டிக்காரர்கள் விர்ரென்று போய்விடுவார்கள். நான் ஓரத்து வெள்ளைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு ஐம்பதில் போய்க்கொண்டே இருப்பேன். தென்னைக்குத் தண்ணீர் கட்டும் கவலை இல்லை, அப்பாவின் அதட்டல் இல்லை... நான் யாருக்கும் யாரும் இல்லை. அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வேன்!

பேச்சி சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மில் வேலைக்கு வந்தவளை நான் விரும்பிக் கட்டிக்கொண்டேன். 'காடுதோட்டம் வச்சிருக்கவன், நம்ம புள்ளய வச்சு வாழவா போறான்?' என்று எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் பேசிக்கொண்டார்களாம். அதனால் அவளுக்கு ஒரே ஓர் ஆசை.

"பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்க, உங்க வண்டியில போயி எங்க லயத்து முன்னால எறங்கணும்."

"ரெண்டு பேரு ஒக்காந்தா மூணாறு மேட்டுல இழுக்காது புள்ள. நீ பஸ்ஸுலயே போயிட்டு வா."

"மேடு வந்தா நான் எறங்கி நடந்துக்கிடுதேன். நீங்க மேல போயி நில்லுங்க."

எஸ்டேட்டில் அது வழக்கம்தான். ஏற்றத்தில் பின்னால் இருப்பவர் இறங்கி நடப்பார். ஓட்டுகிறவர் வளைவு தாண்டிக் காத்திருப்பார். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை. தெரிந்தும், கிளட்ச் கருகிவிடும் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

பிறகு என்ன செய்தேன் தெரியுமா? பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, உடுமலை, மறையூர் வழியாக அதே மலைக்குத் தனியாகப் போனேன்! ஒரு முறை அல்ல. வண்டி இரண்டாம் கியரில் முனகிக்கொண்டே ஏறிற்று. எனக்கு முன்னால் இதேபோன்ற வண்டியில் புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஓர் அரிசி மூட்டை! அவர்களும் ஏறினார்கள். சின்னக்கானல் வரை போய், லயம் கண்ணில் படுமுன் திரும்பிவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? அவள் பின்னால் உட்கார்ந்தால் அந்தச் சாலையிலும் நான் புருஷனாகிவிடுவேன். என் ஒரு நாளில் அவளுக்குப் பங்கு தர மனம் வரவில்லை... இதைவிடக் கஞ்சத்தனம் உண்டா?

இப்போது அவளுக்கு முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது. இனி இருசக்கர வண்டியில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போதுதான் எனக்கு ஆசை வருகிறது! நாலுவழிச் சாலையில் போகும்போது முதுகு குளிர்கிறது. அவள் கை என் தோளைப் பிடித்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா கேலியாகக் கேட்டாள்: "ஏனுங்க தம்பி, ஒரு நாளாச்சும் இவள வண்டீல மலைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கறீங்களா?"

நான் வாய் திறக்குமுன் பேச்சி முந்திக்கொண்டாள். "அவுகளுக்கு ஆசை இல்லாமலா? பாவம், வண்டிக்குத்தான் தெம்பு இல்ல."

நான் தலையாட்டினேன். அப்போதும் தலையாட்டினேன்!

அன்று மாலை வண்டியை எடுத்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

"ஒராளுன்னா ஏறிரும்லா? நீங்க மட்டுமாவது ஒருக்கா போயிட்டு வாங்க. அந்த ரோடு இப்ப எப்படி இருக்குன்னு வந்து எனக்குச் சொல்லுங்க."

அந்த மலையில் எனக்குத் தெரியாத வளைவே இல்லை.

"ஆகட்டும் புள்ள," என்றேன். "பாத்துட்டு வந்து சொல்றேன்."