தூரத்திலிருந்து ஊற்றிய தண்ணீர்

எங்கள் மிளகுக் கிடங்கின் காவல்நாயை வீட்டில் யாரும் தொட்டதில்லை. வெறுப்பினால் அல்ல. ஈரத்தோடு நாய் பட்டால் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். அதன் பிறகே தொழலாம். காயல்பட்டினத்திலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் கடை வைத்த எங்கள் குடும்பத்தில் அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. காவலுக்கு நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் அனுமதி உண்டு. அதனால் அது கிடங்கு முற்றத்தில் வளர்ந்தது. வெயில் ஏறும் பிற்பகல்களில் வாப்பா தள்ளி நின்று ஒரு வாளித் தண்ணீரை அதன் தலைமேல் வீசுவார். அது அவருடைய பிரியம். நாயும் காத்து நிற்கும்.

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய வாரத்தில் அது ஓயாமல் தலையை உதறியது. சாக்குகளில் காதைத் தேய்த்தது. ஒருநாள் பக்கத்தில் மூட்டை இறக்கிய சுமட்டுக்காரரின் சட்டைக் கையைக் கடித்துக் கிழித்தது. அதன்பின் சுமட்டுக்காரர்கள் உள்ளே வர மறுத்தார்கள். அவர்களில் மூத்தவர் என்னை வாசலில் நிறுத்தி, "அதினு பேயா மோளே, அடுத்துப் போகண்டா" என்றார்; அதற்கு வெறி பிடித்திருக்கிறது, கிட்டே போகாதே என்று. வெள்ளிக்கிழமை கழிந்ததும் முனிசிபாலிட்டி ஆட்களிடம் ஒப்படைக்கப் போவதாக வாப்பா சொன்னார். அவர்கள் கொண்டுபோகும் நாய்கள் திரும்புவதில்லை. அன்று அவர் சாயாவைத் தொடவில்லை.

மருந்தாளுநர் படிப்பு முடித்து எர்ணாகுளத்தில் ஒரு மருந்துக் கடையில் நான் வேலை பார்த்த காலம் அது. நான் கவனித்தவை: நாய் தண்ணீர் குடிக்கிறது, எங்களை அடையாளம் காண்கிறது, தலையை ஒரே பக்கமாகச் சாய்க்கிறது, அந்தப் பக்கத்தில் புளித்த வாடை அடிக்கிறது. வெறியா இல்லையா என்று தீர்மானிப்பது என் படிப்புக்குள் வராது. மறுநாள் படகில் மிருக வைத்தியர் ஒருவரை அழைத்து வந்தேன்.

அவர் வெகுநேரம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு அதன் வாயைத் துணியால் கட்டி, தொங்கும் காதைப் புரட்டி விளக்கடித்தார். உள்ளே கரும்பழுப்பாக அழுக்கு. செவிப்பறைக்குச் சேதமில்லை, இது வெறியல்ல, வலி என்றார். குளிப்பாட்டுவது யார் என்று கேட்டார். சொன்னோம். துடைப்பது யார் என்றார். வாப்பா வாளியைப் பார்த்தார்.

காதுக்குள் ஈரம் தங்கக் கூடாது, காலையும் மாலையும் கையால்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லி மருந்து கொடுத்துவிட்டு வைத்தியர் போனார்.

உம்மா நிலைப்படியிலிருந்து கேட்டாள். "வாயில்லாச் சீவன், பாவந்தான். தொழுகை என்னாவும் புள்ளே?"

"கழுவிட்டுத்தாம்மா உள்ள வருவேன்."

"ஏழு தடவையும்?"

"ஏழும். மண்ணும்."

"தெனமும் ரெண்டு வேளை?"

"ஆமா."

அவள் அடுக்களைக்குத் திரும்பினாள்.

சொட்டு மருந்து விட்டு, காதின் அடியை வெளியிலிருந்து மெல்லப் பிசைய வேண்டும். நாய் தலையை உதறட்டும் என்று விட்டுவிட வேண்டும். மேலே வந்த அழுக்கை, விரலில் சுற்றிய பஞ்சால் விரல் எட்டும் வரை மட்டும் துடைக்க வேண்டும். குச்சி கூடாது. கடைசியாக உலர்ந்த துணி. முதல் நாள் அது நடுங்கியது. கை என்பது என்னவென்று அதற்குத் தெரியாது. வாப்பா வாளியைக் கிணற்றடிக்கு மாற்றிவிட்டு, முற்றத்து மூலையில் சாரல் படாமல் ஓலை வேய்ந்தார். வெள்ளிக்கிழமை போயிற்று. முனிசிபாலிட்டிக்கு ஆள் அனுப்பவில்லை.

மழையில் முற்றத்து மண் முழுதும் சேறாகிவிட்டது. கழுவச் சுத்தமான மண் தேடி ஒவ்வொரு முறையும் அலைந்தேன். ஒரு காலை கிணற்றடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய, சலித்த உலர்ந்த மண் இருந்தது. மேலே இன்னொரு சிரட்டை மூடியாக. உம்மா உள்ளிருந்தே சொன்னாள்: "கழுவிட்டு வா. சாயா ஆறுது."

காது ஆறியது. சுமட்டுக்காரர்கள் திரும்பினார்கள். அதன்பிறகும் மழை நாட்களில் வாரம் ஒருமுறை காதைப் புரட்டி மோந்து பார்த்துத் துடைத்து வந்தேன். அந்த நாய் இருந்தவரை சிரட்டையில் மண் குறைந்து நான் பார்த்ததில்லை.