கேனுக்குப் போன பால்

மகாலட்சுமி வீட்டில் மூன்று கறவை மாடுகள் நின்றன. மூன்றையும் கறப்பவள் அவள்தான். அவள் பெற்ற மகள் மித்ரா மட்டும் இரண்டரை வயதில் காலையும் மாலையும் பால் விடாத வரக்காப்பியில் வருக்கியை முக்கித் தின்றுகொண்டிருந்தாள்.

மகாலட்சுமி மயிலாடும்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்தவள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி ஆடு மேய்க்க விட்டார்கள். சின்னமனூருக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டபோது, "தண்ணி பாயுற ஊருக்குப் போறா, இனி அவளுக்கு என்ன கொறை" என்று சொந்தபந்தம் வாயைப் பிளந்தது. பொய்யில்லை. கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. திராட்சைக் கொடி பந்தல் தாங்காமல் தொங்கியது. இந்த ஊர் வாழைத்தார் கப்பலேறிப் போனது. தேனிக்குப் போகிற சாலையில் மாதத்துக்கு ஒரு புதுக் கடைக்கு ரிப்பன் வெட்டினார்கள். மாமனார் சுருளியாண்டி ஓட்டு வீட்டை இடித்து மாடி எழுப்பினார், வாசல் வரை டைல்ஸ் பதித்தார். புருஷன் வேல்பாண்டிக்குப் புது பைக் வந்தது. "பால் ஊத்தியே முன்னுக்கு வந்துட்டாக" என்று ஊர் மெச்சியது.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கறந்த பால் முதலில் பால் சொசைட்டி கேனுக்கு. கேன் நிறைந்து மிச்சம் இருந்தால் வீட்டுக்கு. மிச்சம் என்ற ஒன்று இருந்ததே இல்லை. ஒரு கேன் நிறைந்ததும் பெரிய கேன் வாங்கினார் சுருளியாண்டி. பெரிய கேனும் நிறைந்தபோது இன்னொரு மாடு பிடித்து வந்தார்.

மித்ராவுக்குக் கால் குச்சி, வயிறு பானை. தலைமுடி செம்பட்டை பாய்ந்து உதிர்ந்தது. தெருவில் ஓடுகிற வயதில் சுவரைப் பிடித்து உட்கார்ந்தே இருப்பாள். அங்கன்வாடியில் கிளாரா டீச்சர் அவளைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, இறக்கிய பிறகும் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல என்னம்மா குடுக்குற?"

வெளியாள் முன்னால் வாய் திறப்பது மகாலட்சுமிக்கு எப்போதும் பாடுதான். மாமியார் அன்னத்தாய் முந்திக்கொண்டாள். "புள்ளைக்குத் தேரை விழுந்திருச்சு டீச்சர், அதான் இப்படி வத்திப்போச்சு. ராக்கையாகிட்ட மந்திரிச்சுக் கயிறு கட்டியிருக்கோம்."

"தேரையுமில்ல, ஓணானுமில்ல. பசி. இப்படியே விட்டீகன்னா அடுத்து ஒரு காய்ச்சல் வந்தாப் புள்ள தாங்காது. நான் பயங்காட்டலை, பாத்திருக்கேன்." மகாலட்சுமி கையில் சத்துமாவுப் பொட்டலங்களைத் திணித்தார் டீச்சர். "இதையும் குடு. தெனமும் பாலும் குடு. வீட்டுலதான் பால் ஆறா ஓடுதே!"

பொட்டலம் வீடு வந்து சேர்ந்தது. மறுநாள் காலையில் சுருளியாண்டி அதைப் பிரித்துக் கழனித்தண்ணியில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, அது புள்ளைக்குக் குடுத்தது."

"மாடு தின்னாப் பாலாகும். அது தின்னா என்னத்தா ஆகும்?" என்று சிரித்தார். பெரிய பகடி சொல்லிவிட்ட சிரிப்பு. மாடு உறிஞ்சிக் குடித்தது. மாட்டின் மேல் அவளுக்குக் கோபமில்லை. அதற்கென்ன தெரியும்.

வேல்பாண்டியிடம் சொல்லி, பிள்ளைக்கு ஒரு செம்பு பாலாவது எடுத்துத் தரக் கேட்டாள். அவன் பைக்கைத் துடைத்துக்கொண்டே, "ஆண்டு விழா முடியட்டும் மகா. இந்த வருசம் அதிகமாப் பால் ஊத்துனது நம்மதான். பரிசு நமக்குத்தான்னு அப்பா அலையுறாரு. இப்பப் போயி ஒரு செம்பு பால எடுத்தா என்ன ஆகுறது?" என்றான். பெற்றவன்தான் இதைச் சொன்னான்.

ஆண்டு விழாவும் வந்தது. சொசைட்டி முன்னால் பந்தல், ரேடியோ செட், வெளியூர் அதிகாரி. அதிகாரி நாடு வளர்வதைப் பற்றியும் மாவட்டம் வளர்வதைப் பற்றியும் நெடுநேரம் பேசினார். சுருளியாண்டிக்குச் சால்வை போர்த்தி எவர்சில்வர் அண்டா கொடுத்தார்கள். போட்டோ எடுப்பவர், "பரிசு வாங்குன வீட்டுப் புள்ள கையில பால் டம்ளரக் குடுங்க, பேப்பருக்கு நல்லா இருக்கும்" என்றார்.

மகாலட்சுமி கூட்டத்தில் கடைசி வரிசைக்காரி. அன்றைக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, மித்ராவை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேடையேறினாள். அந்தச் சாக்கிலாவது ஒரு டம்ளர் பால் பிள்ளை வாய்க்குப் போகட்டும் என்ற நினைப்புதான். சொசைட்டிச் செயலாளர் ஈஸ்வரபாண்டி பிள்ளையின் காலைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார்.

"இந்தப் புள்ள வேண்டாம்த்தா. பேப்பர்ல வருது பாரு. கொழுகொழுன்னு ஒண்ணக் கொண்டாங்கப்பா!"

பெற்ற மகனின் பிள்ளையை ஒதுக்கியது சுருளியாண்டிக்கு உறைக்கவில்லை. தானே கீழே இறங்கிப் பங்காளி வீட்டுப் பேரனைத் தூக்கிவந்து, "இவனும் நம்ம வீட்டுப் புள்ளதேன்" என்று நிறுத்தினார். அந்தப் பையன் மீசை முளைக்கப் பாலைக் குடித்தான். கூட்டம் கைதட்டியது. மித்ரா டம்ளரை நோக்கி நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அந்தக் கையை மடக்கி எடுத்துக்கொண்டு இறங்கினாள் மகாலட்சுமி. அவள் அழவில்லை. அழுகிற இடமெல்லாம் காய்ந்துபோய்த் தீப்பிடித்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் முதல் மாட்டைக் கறந்தாள். ஒரு செம்பு ஊற்றிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினாள். சுருளியாண்டி வழிமறித்துச் செம்பைப் பிடுங்கிக் கேனில் கவிழ்த்தார்.

"கேன் நெறையாம எவ கை வைக்கிறது?"

மகாலட்சுமி வாளியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள். பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு மாடுகள் மடி கனத்து நின்றன.

"ஏலே வேலு, ஒம் பொண்டாட்டிக்கு என்ன பேயா புடிச்சிருக்கு? கறக்கச் சொல்லுலே!"

"மகா, வண்டி வர்ற நேரம்..."

அவள் அசையவில்லை. சுருளியாண்டி தானே குத்தவைத்துக் காம்பைப் பிடித்தார். அவர் கை அதற்குப் பழக்கமில்லை. மாடு விட்டது ஓர் உதை. வாளி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பக்கத்து வீட்டு மொக்கம்மாள் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "என்ன மாமா, அண்டா வாங்குன கைக்கு மடி புடிபடலையாக்கும்?"

மாடு கத்தத் தொடங்கியது. சுருளியாண்டி அதன் மடியைத் தொட்டுப் பார்த்துப் பதறினார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "ஏ ஆத்தா, மடி கட்டிக்கிரும். வாயில்லாச் சீவன் செத்துரும், வந்து கற!"

"எம் புள்ள செத்துருமேன்னு ஒரு நாளாச்சும் இப்படிப் பதறுனீகளா மாமா?"

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். வேல்பாண்டி தலையைத் தொங்கப்போட்டான்.

"மாடு என்ன, ஒங்கப்பன் போட்ட சீரா?" என்று எகிறினார் சுருளியாண்டி.

"மாடு ஒங்களுதுதான். கை என்னுது. மொதச் செம்பு மித்ராவுக்கு. மாவும் அவளுக்கு. மிச்சந்தேன் கேனுக்கு. இதுக்குச் சம்மதம்னா கறக்குறேன்."

மாடு மறுபடி கத்தியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எடுத்துத் தொலை."

இரங்கினாரே என்று யாரும் அவரை மெச்ச வேண்டாம். பேத்திக்காக இரங்கவில்லை, மடிக்காக இரங்கினார். மகாலட்சுமிக்கு அது நன்றாகவே தெரியும்.

இரண்டாவது மாட்டைக் கறந்தாள். செம்புப் பாலைக் காய்ச்சி ஆற்றினாள். சொசைட்டி வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்தது. மூன்றாவது மாடு இன்னும் நின்றது. சுருளியாண்டி அரைக் கேனைத் தூக்கிக்கொண்டு, "நில்லுப்பா, நில்லுப்பா" என்று டைல்ஸ் வாசலில் வழுக்கி ஓடினார்.

மகாலட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை. முதல் மடக்கை மித்ரா துப்பினாள். புது ருசி, பிள்ளைக்குப் பிடிபடவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊதி ஊட்டினாள். ஹாரன் விடாமல் அடித்தது. அடிக்கட்டும். மித்ரா இந்த முறை விழுங்கினாள், பிறகு தானாகவே வாயைத் திறந்தாள்.