அலமாரி இல்லாத அறை

என் தங்கை லுவெல்லாவின் புருஷன் ஆர்விஸ், எடுத்த காரியத்தை அழகாகத்தான் செய்வான். வினையே அதில்தான்.

அமெரிக்காவில் எங்கள் ஊரான க்ளீவ்லாண்டில் பாழடைந்த வீட்டை வாங்கிச் செப்பனிட்டு, கூடின மதிப்புக்குப் பேங்கில் புதுக்கடன் வாங்கி, கையிலிருந்து போட்ட பணத்தை மீட்டுக்கொள்வார்கள்; வீடு வாடகைக்குப் போகும். ஆர்விஸும் அதில் இறங்கினான். அவனுக்காக என் வீட்டை அடமானம் வைத்தேன். புதுக்கடன் வந்தால்தான் என் கூரை எனக்கு. வேலை முடிகிறவரை நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மதிப்புப் போட பேங்க் ஆள் வந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன். இரண்டு படுக்கையறைகளைப் பார்த்துத் தலையாட்டினார். மூன்றாவதில் நின்றுவிட்டார்.

"இங்க துணி மாட்டற சுவர் அலமாரி எங்க?"

"அதை இடிச்சுத்தான் சார் பாத்ரூமைப் பெருசாக்கினேன். அந்தத் தொட்டியைப் பாத்தீங்களா?" என்றான் ஆர்விஸ், பெருமையாக.

"பாத்தேன்."

சுவர் அலமாரி இல்லாத அறையை எங்கள் ஊரில் படுக்கையறையாகச் சேர்க்கமாட்டார்கள். மூன்று அறை வீடு இரண்டறை வீடாகிவிடும், விலையும் இறங்கிவிடும். புதிதாக அலமாரி கட்டலாமென்றால் கட்டில் போட இடமிருக்காது.

அவர் போனதும் ஆர்விஸைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க முங்கிக் குளிக்கவா தம்பி என் வீட்டை வெச்சேன்?"

கூட வந்திருந்த லுவெல்லா என் கையைப் பிடித்தாள். அவன் தரையைப் பார்த்தபடி, "உங்க வீடு போகாதுக்கா," என்றான். எதை நம்பிச் சொல்கிறான் இந்த மனுஷன் என்று எரிச்சலாக வந்தது.

பயந்தபடியே பேங்க் இரண்டறை என்றுதான் எழுதியது. வந்த கடன் போட்ட பணத்தில் பாதிக்குக்கூடக் காணவில்லை. அடமானத்தை மீட்க இனி வழியில்லை என்று தூக்கம் கெட்டுக் கிடந்தேன். ஆர்விஸ் யாரிடமும் கேட்கவில்லை. தான் குடியிருந்த வீட்டையே விற்று என் வீட்டை மீட்டுக் கொடுத்தான். வாடகைக்கென்று செப்பனிட்ட வீட்டுக்குப் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடிபோனான்.

ஞாயிற்றுக்கிழமை பீச் பழப் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவனுடைய இரண்டு பெண்களும் என்னை அந்த மூன்றாவது அறைக்கு இழுத்துப் போனார்கள். குறுக்கே கயிறு கட்டிச் சட்டைகளை மாட்டியிருந்தார்கள்.

"பெரியம்மா, இதான் எங்க பெட்ரூம்," என்றாள் சின்னவள்.

நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பெரிய தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து அழுதேன்.