யானைக்குக் கண் வைத்த செவ்வாய்க்கிழமை

1974 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்து கிணற்றில் தண்ணீர் அள்ளினேன். ஆறு மணிக்கு அக்காவுக்குத் தேநீர். ஏழு மணிக்கு அவரை முன்னறைக் கதிரையில் இருத்தி, துறைமுகத்தில் எத்தனை கப்பல் நிற்கின்றன என்று சொன்னேன். பார்வை மங்கிய பிறகும் தினமும் கேட்பார். அன்று மூன்று. எட்டு மணிக்கு, பென்சில் கோடு அழிக்கும் அழிறப்பரோடு மேசை முன் அமர்ந்தேன்.

அக்கா தம்பலகாமத்தில் வயல்காரர் வீட்டில் பிறந்தவர். நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டில் திருகோணமலை நகரில் பாலர் வகுப்பு ஆசிரியையானார். பாடப்புத்தகத்தில் இருந்த கப்பல் படத்தைப் பார்த்த பிள்ளைகள், யன்னலுக்கு வெளியே நின்ற கப்பலையும் பார்த்துவிட்டு, படத்தைக் காட்டி, "ரீச்சர், இது சட்டியோ?" என்று கேட்டார்களாம். அன்று பின்னேரமே பழைய கலண்டர்த் தாள்களின் பின்புறத்தில் தம் முதல் புத்தகத்தைத் தொடங்கினார்.

மணமாகி ஆறாம் ஆண்டில் அத்தானை இழந்தார். பிள்ளைகள் இல்லை. அதன்பின் எங்கள் வீட்டில் இருந்தபடியே பத்துப் புத்தகங்கள் செய்தார். பக்கத்துக்கு ஒரு வசனம். வாய்விட்டு வாசிக்கும்போது மூச்சு முறிந்தால் வசனத்தை வெட்டுவார். நிறங்கள் கிடைக்காத காலத்தில் கறுப்பு மையும் சலவை நீலமும் அவருக்குப் போதுமாயின. கடலுக்கு மட்டும் நிறம் பூசமாட்டார். "கடலைப் பிள்ளையள் தீட்டட்டும்" என்பார். கோயிற் சிலைக்குக் கண் திறப்பதுபோல, எல்லாப் பக்கங்களும் முடிந்த பிறகே, ஒரே இருப்பில் எல்லா உயிர்களுக்கும் கண் வைப்பார். கண் வரவேண்டிய இடத்தில் அதுவரை ஒரு பென்சில் புள்ளி மட்டும் இருக்கும்.

கடைசிப் புத்தகத்தில் தம்பலகாமத்து யானை ஒன்று கடல் பார்க்க வருகிறது. பதினாறு பக்கம். அக்காவின் புத்தகங்கள் எல்லாவற்றையும் அச்சுக் கோத்த கிண்ணியா முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று அழைப்பவர், முந்திய கிழமை வந்து பார்த்தார்.

"என்ன ரீச்சர், அரிசிதான் பங்கீட்டுக் கூப்பனுக்கு எண்டால், உங்கட யானைக்குக் கண்ணும் கூப்பனுக்கோ?"

"வரும் நானா, பொறுங்கோ."

"கடதாசி கொஞ்சம் கிடைச்சிருக்கு. புதன் காலமை வருவன். தராட்டி அது கலியாணக் கார்டு அடிக்கப் போயிரும்."

மை காய்ந்ததும் பென்சில் கோடுகளை அழிப்பது என் வேலை. முன்பெல்லாம் கண் வைத்த பின்பே தாள்கள் என்னிடம் வரும். இம்முறை பார்வை கொஞ்சம் தெளியட்டும் என்று அக்கா காத்திருந்தார். தெளியாவிட்டால் நான் தூரிகை முனையைப் புள்ளியில் கொண்டுபோய் வைத்துக் கொடுப்பதென்று பேச்சு. அதை மறந்து, பதினாறு பக்கங்களையும் சுத்தமாக அழித்தேன். புள்ளிகளும் போய்விட்டன என்பது கடைசித் தாளில்தான் உறைத்தது. மறைக்க மனம் வரவில்லை. போய்ச் சொன்னேன்.

"எல்லாத்தையுமோ?"

"ஓம் அக்கா."

அக்கா சிரித்துவிட்டார். "சின்னனிலை கோப்பையைத் தேய்ச்சு, அதிலை இருந்த பூவையும் கழுவிப்போட்டவன்தானே நீ!"

"இனி என்ன செய்யிறது?"

"வாசி. யானை எங்கை பாக்குதெண்டு எனக்குத் தெரியும். தலை எங்கையெண்டு நீ காட்டினால் போதும்."

ஒவ்வொரு வசனமாக வாசித்தேன். அவருடைய இடக்கை விரல்களை யானையின் நெற்றியிலும் தும்பிக்கை அடியிலும் வைத்துக் காட்டினேன். இடையில் எங்கே என்பதை அவரே தீர்மானித்துத் தூரிகையை ஊன்றினார். ஒன்பதாம் பக்கத்தில் கண் சற்று மேலே போய்விட்டது. சொன்னேன்.

"அதிலை அது வெருண்டிட்டுது. முதல்தரம் அலை காலிலை பட்டால் நீயும் அப்பிடித்தான் பாப்பாய்."

பின்னேரம் நான்கு மணிக்குப் பதினாறும் முடிந்தன. அன்றைய என் நாட்குறிப்பின் கடைசி வரி: "மனம் லேசாயிற்று."

சித்திரையில் புத்தகம் வந்தது. அக்கா அதை மடியில் வைத்து நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். வைகாசியில், அதிக நோவு இல்லாமல், காலமானார். செய்யாமல் விட்ட வேலை ஒன்றும் அவருக்கு இருக்கவில்லை. என் கையால் அப்படி ஒன்று நேர்ந்துவிடாமற் போனதே எனக்குப் பெரிய ஆறுதல். மருந்து வாங்கித் தந்த அயலவர்களுக்கும், சல்லிக் கிராமத்திலிருந்து மீன் கொடுத்தனுப்பிய பழைய மாணவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் கூட நின்ற உறவினர்களுக்கும், கடதாசியைக் கலியாணத்துக்குக் கொடுக்காமல் வைத்திருந்த நானாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றியுடையது.

கண் வைத்த மறுநாள், அந்தப் புதன்கிழமை காலை, நான் கிணற்றடிக்குப் போகவில்லை. முதல் வேலையாக மேசைக்குப் போய்த் தாள்களைப் புரட்டினேன். சத்தம் கேட்டு அக்கா உள்ளேயிருந்து கேட்டார்.

"தம்பி, எல்லாம் முழிச்சிருக்கோ?"

"ஓம் அக்கா. பதினாறும் முழிச்சிருக்கு."

"அப்ப அந்த அழிறப்பரை என்னட்டைத் தா."

கொடுத்தேன்.