பால்காரர் கேரியர் வைத்த சைக்கிள்

போன மாதம் என் மகனுக்கு மலை சைக்கிள் வாங்கப் போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு கல்வராயன் மலைப் பாதைகளில் ஓட்டப்போகிறானாம். கடையில் இருந்த பையன் விவரமானவன். "எந்த மாதிரி பாதை சார்? கல்லா, மண்ணா? ஏத்தம் ஜாஸ்தி இருக்குமா? வண்டியைத் தூக்கிக்கினு நடக்கிற எடம் வருமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். என் மகன் கியர், பிரேக், எடை என்று மனப்பாடமாக ஒப்பித்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கணக்கையெல்லாம் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில், ஒரு பாயின் சைக்கிள் கடையில், என் அத்தை போட்டபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மலை சைக்கிள் என்கிற பெயர் அப்போது எங்கள் ஊருக்கு வந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. நான் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தேன். அத்தை, அப்பாவுக்கு ஒரே தங்கை. வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் நர்ஸாக இருந்தாள். அவள் பார்க்க வேண்டிய ஊர்களோ பல. ஒன்று ஓடைக்கு அந்தப் பக்கம், இன்னொன்று மேட்டுக்கு இந்தப் பக்கம். பஸ் வெள்ளிமலையோடு நின்றுவிடும், அதற்கு மேல் நடைதான். உடம்புக்கு முடியாதவர்களைத் துணித் தூளியில் போட்டு ஆட்கள் தோளில் சுமந்து வருவார்களாம். ஆட்கள் கீழே கூலி வேலைக்குப் போயிருந்தால் அதுவும் இல்லை.

அப்பாவுக்கு இந்த வேலை கொஞ்சமும் பிடிக்கவில்லை. உரக்கடை வைத்திருந்தார். கடைக்கு வருகிற மனிதர்கள் எல்லோரும் "தங்கச்சிக்கு இன்னும் பாக்கலியா?" என்று கேட்டுவிட்டுத்தான் யூரியா விலையையே கேட்பார்கள். அத்தை சனிக்கிழமைதோறும் அறுந்த செருப்பும் முள் கீறிய காலுமாக வந்து நிற்பதைப் பார்த்து அவருக்குக் கோபம் வரும். கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது வேறு.

ஒரு சனிக்கிழமை அத்தை வந்தவள் சாப்பிடவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நான் மேலே ஏறி விழுந்தும் திரும்பவில்லை. மறுநாள் காலை எழுந்து முகம் கழுவிக்கொண்டு நேராக அப்பாவிடம் வந்தாள்.

"அண்ணா, எனக்கு ஒரு சைக்கிள் வேணும்."

அப்பா அவள் காலில் இருந்த முள் கீறல்களைப் பார்த்தார். பிறகு, "சரி, வாங்கித் தரேன். இதுவும் சரிப்படலன்னா வேலைய எழுதிக் குடுத்துட்டு வூட்டுக்கு வந்துடணும். சம்மதமா?" என்றார். அத்தை சம்மதம் என்றாள். அவளுடைய வேலையே அந்த சைக்கிளின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அந்தக் காலத்தில் சைக்கிளை முழுசாக வாங்குவது கிடையாது. ஃபிரேம் தனி, சக்கரம் தனி, செயின் தனி. எது எது வேண்டும் என்று சொன்னால் கடைக்காரர் கோர்த்துக் கொடுப்பார். பாயின் கடை கூரையிலிருந்து ரிம்கள் வளையம் வளையமாகத் தொங்கும். அப்பா நுழையும்போதே ஆரம்பித்துவிட்டார். "நல்ல லேடீஸ் வண்டியா கோத்துக் குடுங்க பாய். கூடை, செயின் கவரு, டைனமோ லைட்டு, எல்லாம் வெச்சு."

அத்தை, "பார் வெச்ச வண்டி குடுங்க பாய்," என்றாள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே குறுக்குக் கம்பி போட்ட ஆண்கள் வண்டி.

அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பொம்பள பார் வண்டி ஓட்டினா ஊரு இன்னா பேசும்?"

"ஊரு மலை மேல ஏறி வந்தா பேசப்போவுது? ஓடையில தண்ணி வந்தா வண்டிய தோள்ல மாட்டிக்கினு தாண்டணும்ணா. பார் இருந்தாத்தான் மாட்ட முடியும்."

பாய் இதில் தலையிடவில்லை. வாசலில் நின்ற ஒரு பார் வண்டியைக் காட்டி, "ஓட்டிப் பாருங்க நர்சம்மா," என்றார். அத்தை ஓட்டவில்லை. என்னைத் தூக்கிக் கேரியரில் உட்கார வைத்தாள்.

"தூங்குற மாதிரி சாஞ்சுக்கோ. கையால எதையும் புடிக்கக் கூடாது. கண்ணு தொறக்கக் கூடாது. வுழாம இருந்தா நீ கெலிச்ச."

எனக்கு ஒரே குஷி. கடைத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, ஒரு விளையாட்டு! நான் கண்ணை மூடித் துவண்டு கிடந்தேன். அத்தை புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறப் பார்த்தாள். பின்னால் நான் இருந்ததால் காலைப் பின்பக்கமாக வீச முடியவில்லை. முன்பக்கமாகத் தூக்கிப் போட பார் இடித்தது. வண்டி சாய்ந்தது, நான் சரிந்தேன், அத்தை பிடித்தாள். நான் சிரித்தேன். மறுபடியும் ஏற்றினாள், மறுபடியும் சரிந்தேன். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். அவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. கடைசியில் என்னை இறக்கிவிட்டுச் சொன்னாள்:

"லேடீஸ் வண்டியே குடுங்க பாய்."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. தங்கை தன் பேச்சுக்கும் ஊரின் வாய்க்கும் கட்டுப்பட்டுவிட்டாள் என்று அவருக்குப் பெருமை. பாய்தான் இழுத்தார்: "லேடீஸ் வண்டிய தோள்ல மாட்ட முடியாதேம்மா."

"தூக்குறதுக்கு ஆள் கெடைக்கும் பாய். ஓட்டுறதுக்குத்தான் நான் ஒருத்தி."

அப்பாவின் பெருமை அத்தோடு முடிந்தது. கூடை வேண்டாம் என்றாள். முன் மட்கார்டு வேண்டாம், மழையில் செம்மண் அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றாது. செயின் கவரும் வேண்டாம், சுள்ளி மாட்டினால் எடுக்க முடியாது. பாயும் உற்சாகமாகிவிட்டார். "பின்னாடி பல்லு ஜாஸ்தி இருக்கிற சக்கரம் போட்டுத் தரேன். ஏத்தத்துல லேசா இருக்கும். ஆனா சமதரையில மிதிச்சிக்கினே கெடக்கணும், வண்டி போவாது. பரவால்லியா?" அத்தை பரவாயில்லை என்றாள். டயர் தடிப்பாக இருக்கட்டும் என்றாள். எல்லாம் முடிந்து கேரியருக்கு வந்தபோது பால்காரர்கள் கேன் கட்டுகிற கனத்த இரும்புக் கேரியரைக் கேட்டாள்.

கோர்த்து முடித்த வண்டியைப் பார்த்து அப்பா, "கோழிய உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு," என்றார். அழகுக்கென்று அதில் இருந்தது மணி ஒன்றுதான். கடைத்தெருவில் அத்தை அதை ஓட்டிக்கொண்டு வந்தது ஊரே நின்று பார்க்க வேண்டிய காட்சி. கால்கள் பறக்கும், வண்டி நகராது. கம்பங்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துபோன ஒரு அம்மாள் அத்தையைச் சாவகாசமாக முந்திக்கொண்டு போனாள்.

அந்த வண்டி எனக்காகத்தான் வாங்கப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னை உட்கார வைத்துத்தானே தேர்ந்தெடுத்தார்கள்! பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அம்மா வேறு என் பழைய கவுனைக் கிழித்துப் பஞ்சு வைத்து, கேரியருக்கு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தாள். மஞ்சளில் சிவப்புப் பூப் போட்ட துணி. எனக்கு அதுவே பட்டா எழுதிக் கொடுத்த மாதிரி.

அத்தை ஊருக்கு வந்த ஞாயிறுகளில் ஏரிக்கரை மேல் அதே விளையாட்டு நடந்தது. நான் தூங்குவேன், அவள் ஓட்டுவாள். தன் முதுகோடு என்னைத் துண்டால் கட்டிப் பார்த்தாள். பிறகு துண்டை விட்டுப் பழைய புடவையால் கட்டிப் பார்த்தாள், அக்குளுக்குக் கீழே ஒரு சுற்று, இடுப்பில் ஒரு சுற்று. எப்படிக் கட்டினாலும் நான் பாதி வழியில் சிரித்துவிடுவேன், இல்லாவிட்டால் பயந்து அவள் இடுப்பைப் பிடித்துவிடுவேன். ஒருமுறைகூட நான் ஜெயிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மறியல் வந்தது. ரோடெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். உளுந்தூர்பேட்டை பக்கமும் போக்குவரத்து இல்லை, சின்னசேலம் பக்கமும் இல்லை. பஸ் நின்றது, பள்ளிக்கூடம் மூடியது. எனக்குத் திருவிழா. அம்மாவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை, அத்தை மலையிலேயே மாட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் தம்பி, என் மாமா, மறியலில் முன்னால் நின்றவர். படித்துவிட்டு வேலைக்கு அலைந்து செருப்புத் தேய்ந்தவர். "படிப்பும் வேலையும்தான் கேக்குறோம். கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போய்தான் ரோட்டுல ஒக்காந்துக்கினு இருக்கோம்," என்பார்.

கச்சிராயபாளையம் ரோட்டில் ஊர் எல்லையில் ஒரு பெரிய புளியமரத்தைக் குறுக்கே போட்டிருந்தார்கள். தெருப்பெண்கள் அங்கிருந்தவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்தார்கள். மாமாவோடு நானும் மோர்த் தூக்கைத் தூக்கிக்கொண்டு போனேன். விழுந்து கிடக்கிற மரத்தில் ஏறுவது எவ்வளவு சுலபம் என்று அன்றுதான் தெரிந்தது. நான் ஒரு கிளையில் உட்கார்ந்து புளியம்பிஞ்சு தின்றுகொண்டிருந்தபோது, வெயிலில் ஒரு சைக்கிள் மெல்ல மெல்ல வந்தது. கூடவே தலைத்துண்டு கட்டிய ஒருவர் ஓடி வந்தார்.

"சைக்கிளும் போவக் கூடாது! திரும்பிப் போங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

மாமா மரத்தின் மேல் ஏறி நின்று பார்த்தார். "டேய், நம்ம நர்சம்மாடா!"

அத்தைதான். புடவை முழுக்கச் செம்மண். முதுகில் என் வயதுப் பெண் ஒருத்தியைக் கட்டியிருந்தாள், அக்குளுக்குக் கீழே ஒரு சுற்று, இடுப்பில் ஒரு சுற்று. அந்தப் பெண்ணின் தலை அத்தையின் தோளில் தொங்கியது. கூட ஓடி வந்தவர் அவளுடைய அப்பா. விடிவதற்கு முன்னே மலையிலிருந்து இறங்கியவர்கள். அவருக்கு மூச்சு வாங்கியது. "நேத்துலேர்ந்து ஜுரம். காலையிலேர்ந்து கண்ணே தொறக்கலங்க," என்று மட்டும் சொன்னார்.

கத்தியவர்களே மரத்தை விட்டு இறங்கி வந்தார்கள். "எறங்கும்மா, வண்டிய இந்தப் பக்கம் எடுத்து வெக்கிறோம்," என்றார் மாமா.

"எறங்கினா இவ சாஞ்சிடுவா. எங்களோட சேத்துத் தூக்குங்க."

மரத்தை வெட்டிப் போட்டவர்களே சுற்றி நின்று தூக்கினார்கள். ஹேண்டில்பாரில் சிலர், சக்கரத்தில் சிலர், மீதிப் பேர் அந்தப் பால்காரர் கேரியரில். சாமி தூக்கிப் பழகிய தோள்கள். அத்தை சீட்டில் உட்கார்ந்தபடியே புளியமரத்துக்கு மேலே போனாள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி இந்தப் பக்கம் இறங்கியபோதுதான் அந்தப் பெண் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்பதைக் கவனித்தேன். மஞ்சள் துணி, சிவப்புப் பூ.

"அத்தே, அது என் எடம்!" என்று கத்தினேன்.

அத்தை திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. "இன்னிக்கு மட்டும் அவளுக்குக் குடுடா கண்ணு. வா, வந்து அவ காலப் புடிச்சிக்கோ. சக்கரத்துல மாட்டாம பாத்துக்கினே வரணும், சரியா?"

மாமா பின்னாலிருந்து தள்ள, நான் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினேன். பாதம் அனலாகக் கொதித்தது. வழியெல்லாம் நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். எப்போது கண்ணைத் திறப்பாள், எப்போது சிரிப்பாள் என்று. அவள் திறக்கவில்லை, எதையும் பிடித்துக்கொள்ளவில்லை, விழவுமில்லை. என்னால் ஒருநாளும் முடியாததை அவள் முதல் தடவையிலேயே செய்துவிட்டாள். எனக்கு அழுகையாக வந்தது.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். சாயங்காலம் கண் திறந்து தண்ணீர் கேட்டாளாம். அவளுடைய அப்பா ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் தன் காலையே பிடித்து விட்டுக்கொண்டிருந்தார் என்று மாமா வந்து சொன்னார்.

அத்தை சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாளே, அந்த வாரம் நடந்ததை அம்மா எனக்குச் சொன்னது நான் பெரியவளாகி வேலைக்குப் போன பிறகு. மலையில் ஒரு பையனுக்கு இதே மாதிரி ஜுரம். என் வயதுதான். தூக்கிவர ஆண்கள் யாரும் ஊரில் இல்லை. அத்தை யாரிடமோ பார் வைத்த சைக்கிளை இரவல் வாங்கி, அவனைக் கேரியரில் உட்கார வைத்தாள். அவன் பின்னால் இருக்க அவளால் ஏற முடியவில்லை, தன் பதற்றத்தால்தான் முடியவில்லை என்று நினைத்தாளாம். ஒரு கையால் வண்டியையும் ஒரு கையால் அவனையும் பிடித்துக்கொண்டு தள்ளியே போயிருக்கிறாள். அவன் தூக்கக் கலக்கத்தில் சரிந்து சரிந்து விழுந்தானாம், இவள் தூக்கித் தூக்கி உட்கார வைத்தாளாம். வெள்ளிமலை கண்ணுக்குத் தெரிகிற மேட்டில் கடைசியாகச் சரிந்தான். பிறகு உட்காரவில்லை.

இதெல்லாம் அன்று சாயங்காலம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், என் மெத்தையில் வேறு ஒருத்தி உட்கார்ந்து என்னை ஜெயித்துவிட்டாள் என்பதுதான்.

வீட்டில் அத்தை கிணற்றடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். வண்டி ஸ்டாண்டு போட்டு நின்றது. அப்பா கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்து, செம்மண்ணையெல்லாம் துடைத்துவிட்டு டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். வேலையை எழுதிக் கொடுப்பது பற்றி அவர் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. நான் மெல்லக் கேரியரில் ஏறினேன். மெத்தை இன்னும் ஈரமாக இருந்தது.

"அத்தே, இப்ப பாரு. நான் வுழவே மாட்டேன்."

கண்ணை மூடினேன். கையைத் தொங்க விட்டேன். அந்தப் பெண்ணின் தலை எப்படிச் சாய்ந்திருந்ததோ அப்படியே சாய்த்துக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை, பயமும் வரவில்லை. பம்பு அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது. ஈரக் கை இரண்டு என் தோளைப் பிடித்து உலுக்கின.

"கண்ணத் தொற. தொறடி! என்னைப் பாரு. புடிச்சிக்கோ, கெட்டியாப் புடிச்சிக்கோ."

திறந்தேன். அத்தை என் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டு, "இனிமே இந்த ஆட்டம் வேணாம்," என்றாள். அவள் உடம்பு குலுங்கியது. நான் விழவில்லை, சிரிக்கவுமில்லை. முதல் தடவையாக நான் ஜெயித்திருந்தேன். அப்புறம் அத்தை எதற்கு அழுகிறாள் என்று அப்பாவைக் கேட்டேன். அவர் பம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து, என்னைக் கேரியரிலிருந்து தூக்கி இறக்கிவிட்டார்.