நிறுத்தக் கூடாத வண்டி

கல்யாணம் ஆனதும் எங்களுக்குக் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. நான் வில்லியனூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், கூலி வேலை செய்தவர்களின் மகள். அவர் செல்லிப்பட்டில் நெல்லும் கரும்பும் வைத்திருந்த நிலக்காரர் வீட்டு மூத்த பிள்ளை. மேரி என்று நாங்கள் சொல்லும் கொம்யூன் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். பிரெஞ்சுச் சட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஊருக்குப் போதவில்லை. அவருடைய அப்பா, "இனிமே இந்தப் பக்கம் வராத" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். என் வீட்டிலும் பெரிய வரவேற்பு இல்லை.

அவர் படம் பிடிக்கிறவர். புதுச்சேரியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் தொழில் கற்றிருந்தார். சாலை வேலையை மேற்பார்க்க வந்திருந்த ஒரு பிரெஞ்சுக்காரர், போகிற இடத்திலேயே தங்குவதற்காக ஒரு லாரியின் மேல் மரத்தால் வீடு கட்டி வைத்திருந்தார். ஊர் திரும்பும்போது அதை விற்றார். இவர் வாங்கினார். உள்ளே மடக்குக் கட்டில் இரண்டு, சுவரோடு சாய்த்து வைக்கிற பலகை மேஜை, கை கழுவும் தொட்டி, இரண்டு பக்கமும் ஜன்னல். நான் முதல் தடவை ஏறிப் பார்த்துவிட்டு, "அடுப்பு எங்க வெக்கறது?" என்று கேட்டேன். "வெளிய" என்றார். மழை வந்தால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. போகிற ஊரிலெல்லாம் அதற்கு 'மோட்டார் வூடு' என்று பேர் விழுந்தது.

நான் சொல்லப் போவது அதற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து, உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். பாகூர் ஏரிக்கரைக்குக் கீழே ஒரு புளியந்தோப்பில் வண்டியை நிறுத்தியிருந்தோம். அடைமழை பிடித்துக்கொண்டது. பெட்ரோல் கிடைப்பது அரிதாக இருந்ததால் வண்டியைக் கிளப்பாமலே நாள் போயிற்று. அவரோ ஜன்னல்களை அடைத்து, கறுப்புத் துணி போட்டு, வண்டி பேட்டரியில் ஒரு சிவப்பு பல்பை எரியவிட்டுப் படங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒருநாள் அந்த பல்பு மங்கி, செம்பருத்திப் பூ வாடுகிற மாதிரி சுருங்கி அணைந்தது. "பேட்டரி செத்துப் போச்சு" என்றார். அப்போது எங்களுக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அதனால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மழை விட்ட இரண்டாம் நாள், செல்லிப்பட்டிலிருந்து அவர்கள் வீட்டுப் பண்ணையாள் சைக்கிளில் வந்து சேர்ந்தார். இவரைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தவர். வண்டிக்கு வெளியே நின்றுகொண்டே சொன்னார்:

"தங்கச்சிக்கு நாளைக்குக் கல்யாணம். படம் புடிக்கறவர வரச் சொன்னாரு உங்கப்பா."

"படம் புடிக்கறவரையா, என்னையா?" என்று இவர் கேட்டார்.

பண்ணையாள் தலையைச் சொறிந்தார். "படம் புடிக்கறவரன்னுதாம்பா சொன்னாரு. ஆனா புதுச்சேரிக்குப் போன்னு சொல்லல. பாகூருக்குப் போன்னாரு."

அவர் போனபிறகு இவர் வெகுநேரம் காமிரா முக்காலியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான், "நீங்க பஸ்ல போய்ட்டு வாங்க. நான் இங்கியே இருக்கறேன்" என்றேன். உள்ளுக்குள் எனக்கு அது பயமாகத்தான் இருந்தது. அந்த வீட்டுக்குள் போனவர் திரும்பி வரும்போது வேறு ஆளாக வந்துவிடுவாரோ என்று.

"உன்ன உட்டுட்டுப் போனா நான் கூலிக்குப் படம் புடிக்கப் போனவன்தானே," என்றார். "வூட்டோட போறேன். வேணாம்னா வாசல்லியே சொல்லட்டும், திரும்பிடலாம்."

வூட்டோடு போவதற்கு வண்டி கிளம்ப வேண்டுமே. கைப்பிடியை முன்னால் மாட்டிச் சுற்றிப் பார்த்தோம். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. அந்த வண்டிக்குப் பொறி வருவதே பேட்டரியிலிருந்துதான் என்று அவர் விளக்கினார். பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால்தான் கைப்பிடி சுற்றுவதில் பிரயோஜனம் உண்டு. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றப் புதுச்சேரிக்குத்தான் போக வேண்டும். கல்யாணமோ விடிந்தால்.

பாகூரில் ஒரு பெரிய வீட்டில் ரேடியோ இருந்தது. கரண்டு இல்லாத ஊரில் அது மோட்டார் பேட்டரியில்தான் பாடியது. சாயங்காலம் சண்டைச் செய்தி கேட்க அந்த வீட்டு முற்றத்தில் ஊரே கூடும். இவர் மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார்.

வீட்டுக்காரர் முழுதும் கேட்டுவிட்டு, "பேட்டரியா? அது ரேடியோவோடதாச்சேப்பா," என்றார். "சாயங்காலம் சேதி வர்றப்ப இல்லன்னா ஊரு என்னைத் தின்னுடும்."

"கிளப்பறதுக்கு மட்டுந்தாங்க. எஞ்சின் புடிச்சிடுச்சின்னா உடனே கழட்டிக் குடுத்துடறேன்."

"நடுவுல கெட்டுப் போச்சின்னா?"

உள்ளேயிருந்து வீட்டுக்கார அம்மாள் குரல் கொடுத்தார்: "ஜப்பான்காரன் ஒருநாள் சும்மா இருந்துட்டுப் போறான். கூடப் பொறந்தவ கல்யாணம்னு சொல்றாரே, குடுங்களேன்."

அவர் கொடுத்தார். ஆனால் நம்பிக் கொடுத்தார் என்று சொல்ல முடியாது. இரண்டு ஆட்கள் பேட்டரியைக் கம்பில் கட்டித் தூக்கி வர, பின்னாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு அவரும் தோப்புவரை நடந்து வந்தார். "ஆட்டாத, ஆட்டாத, தண்ணி சிந்தப் போவுது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

செத்த பேட்டரியின் கம்பிகளைக் கழற்றி ரேடியோ பேட்டரியில் மாட்டினார் இவர். முதலில் ஒரு கம்பி தவறிப் பட்டு, படீரென்று நெருப்பு தெறித்தது. குடைக்காரர் ஓரடி பின்வாங்கினார். பிறகு சரியாக மாட்டி, இவர் உள்ளே ஏறிக் காற்றை அடைக்கிற சோக்கை இழுத்துப் பிடித்துக்கொள்ள, நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தேன். பேட்டரி தூக்கி வந்த ஆட்களில் ஒருவர், "நாங்க சுத்தறோம்மா, தள்ளு" என்றார். "எஞ்சின் எதுத்து ஒதைக்கும், கட்ட வெரலு போயிடும். எனக்குப் பழக்கம்" என்றேன். நடவும் அறுப்பும் பார்த்த கை எனக்கு. கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக் கீழேயிருந்து மேலே ஒரே இழுப்பாக இழுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடியும் இழுத்தேன். ஒரு தும்மல். மூன்றாவது இழுப்பில் தோப்பே அதிர்கிற மாதிரி எஞ்சின் பிடித்துக்கொண்டது. புளியமரத்திலிருந்து மழைத்தண்ணீர் என் தலையில் கொட்டியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடைக்காரரும் சிரித்தார்.

எஞ்சின் ஓட ஓடவே எங்கள் பேட்டரியை மறுபடி மாட்டி, ரேடியோ பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தோம். அவர் அதைத் தடவிப் பார்த்து, "போய் வாங்க. நல்லபடியா நடக்கட்டும்" என்றார்.

"இனிமே நடுவுல எங்கியும் நிறுத்தக் கூடாது," என்று இவர் என்னிடம் சொன்னார். "இந்தத் தூரத்துக்குள்ள பேட்டரி ஏறாது. நின்னா நின்னதுதான்."

பாகூரிலிருந்து போகிற வழியில் கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் எல்லை வரும், மறுபடி பிரெஞ்சு எல்லை வரும். எல்லைச் சாவடியில் சிப்பாய் கையை நீட்டி மறித்தார். "எஞ்சின நிறுத்து."

"நிறுத்துனா கிளம்பாதுங்க. பேட்டரி போச்சு."

"எல்லாரும் இன்னாவாச்சும் ஒண்ணு சொல்றீங்க" என்றபடி அவர் பின்பக்கம் ஏறினார். கட்டிலைப் பார்த்தார், அடுக்கிய பாத்திரங்களைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்தார். வண்டியின் ஆட்டத்தில் தொட்டியில் வைத்திருந்த தம்ளர்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. "இதுலியா குடும்பம் நடத்தறீங்க?" என்று என்னிடம் கேட்டார். "ஆமாங்க" என்றேன். அவர் இறங்கி வழியை அடைத்திருந்த கட்டையைத் தூக்கிவிட்டார்.

வில்லியனூரைத் தாண்டியதும் கரும்பு வண்டிகள் வரிசையாக வழியை அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு மாட்டுக்கு லாடம் கழன்றிருந்தது. காத்திருந்த நேரமெல்லாம் எஞ்சின் திணறித் திணறி அடங்கப் பார்த்தது. இவர் காலால் அதை உசுப்பிக்கொண்டே இருந்தார். முதுகுச் சட்டை நனைந்துவிட்டது. வண்டி நின்றுவிட்டால் போக வேண்டியதில்லை என்று ஒரு மனம் நினைத்தது. நின்றுவிடக் கூடாதே என்று கர்த்தரை வேண்டியதும் நான்தான்.

செல்லிப்பட்டில் கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம் கட்டி, மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் எஞ்சின் சத்தத்தில் மேளம் கேட்கவில்லை. நாதசுரக்காரர் வாயிலிருந்து வாத்தியத்தை எடுத்துவிட்டுப் பார்த்தார். பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்தார்கள். இவர் ஸ்டியரிங்கை விடவில்லை. நான் பக்கத்தில் தலைமேல் முக்காடு இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நான் அவரை அதற்கு முன் கிட்டத்தில் பார்த்ததில்லை. குட்டையான மனிதர். சந்தனம் பூசிய மார்பு. மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாடா சத்தம் இது? நிறுத்து."

"நிறுத்துனா திரும்பக் கிளம்பாதுப்பா."

எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "கிளம்பலன்னா இரு," என்றார். "நிறுத்துடா. தாலி கட்டற நேரமாவுது."

இவர் சாவியைத் திருப்பினார். அந்த அமைதியில் இவருடைய அம்மா அழுகிற சத்தம் கேட்டது.

கட்டிப்பிடித்து மன்னித்ததெல்லாம் இல்லை. எனக்குத் தனியாகத்தான் இலை போட்டார்கள். மாமனார் என்னிடம் நேராகப் பேசப் பல வருஷம் ஆயிற்று. ஆனால் சாப்பாடானதும் மாமியார் பின்பக்கமாக வந்து, வண்டியில் ஏறி, கட்டிலில் உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "காத்து நல்லாத்தான் வருது" என்றார். பிறகு என் கையை இழுத்து, கைப்பிடி உராய்ந்து கன்றியிருந்த இடத்தைப் பார்த்து, "வெளக்கெண்ண போடு" என்றார். அவரே போய்க் கொண்டுவந்தார்.

சாயங்கால வெயில் இருக்கும்போதே குடும்பப் படம் எடுக்க வாசலில் எல்லோரையும் நிறுத்தினார் இவர். பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில். மாமனார் நாற்காலியில். இவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபோது தங்கச்சி சொன்னாள், "அண்ணன் இல்லாம இன்னா குடும்பப் படம்? அண்ணனும் நிக்கட்டும்."

"அப்ப யாரு எடுக்கறது?" என்றார் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர்.

இவர் என்னைப் பார்த்தார். எத்தனையோ தடவை நான் காமிராவின் ரப்பர் குமிழை அழுத்திப் படம் எடுத்திருக்கிறேன். எழுந்து போய்க் காமிராவுக்குப் பின்னால் நின்றேன். இவர் ஓடிப்போய் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் இடம்பிடித்தார். காமிராவின் பின்கண்ணாடியில் எல்லோரும் தலைகீழாகத் தெரிந்தார்கள். படம் பதிகிற பிளேட்டைச் செருகிவிட்டு நிமிர்ந்தேன். மாமனார் காமிராவைப் பார்க்கவில்லை, வேறு எங்கோ பார்த்தார்.

"எல்லாரும் இங்க பாருங்க," என்றேன். "அசையாதீங்க."

அவரும் திரும்பிப் பார்த்தார். நான் குமிழை அழுத்தினேன்.